நான் விட்டுக்கொடுக்காத தங்கம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் என் தங்கைக்குப் பாராட்டு விழா நடந்தது. பதினைந்து வருடம் குஸ்தி போட்டு, மாநிலத்தில் வருடா வருடம் தங்கமும், தேசிய அளவில் மூன்று வெள்ளியும் வாங்கி வந்து, போன மாதத்தோடு போதும் என்று நிறுத்திக்கொண்டவள். இப்போது போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். நாலு பேரை அதட்டிப் பழகிய குரல். ஆனால் மைக்கில் என்னைப் பற்றிச் சொல்ல வந்ததும் அந்தக் குரல் இளகிப் போனது. "என்னோட முதல் தங்கம் என்னோடது இல்ல. எங்க அக்கா எனக்காக விட்டுக்குடுத்தது" என்றாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, சித்திரை வெயிலில், ஒரு சால்வையைப் போர்த்தினார்கள்.

நான் சிரித்தேன். உதடு பிரியாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, தியாகம் செய்தவள் சிரிக்கிற சிரிப்பு. பதினைந்து வருடமாகப் பழகி வைத்திருக்கிறேன், தப்பவே தப்பாது.

நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு என் தங்கை என்னைத் தோற்கடித்தாள். முறையாக, சுத்தமாக, என் முழுப் பலத்தையும் மீறித் தோற்கடித்தாள். அது எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

எங்கள் அய்யா பட்டாளத்தில் இருந்தபோது ரெஜிமெண்டுக்காகக் குஸ்தி போட்டவர். ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து ஒரு நூல் மில்லில் வாசல் காவலுக்கு நின்றார். ஆண் பிள்ளை பிறந்திருந்தால் அவனை இறக்கியிருப்பார். பிறந்தது நாங்கள் இரண்டு பேர். "கெடச்சத வச்சுத்தான பொங்கணும்" என்று எங்கள் காதுபடவே சொல்வார். மில்லில் கழித்துப் போட்ட பஞ்சைச் சாக்குகளில் அடைத்து, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மேட் செய்துவிட்டார். மழைக்காலத்தில் அந்தப் பஞ்சு நாறும். நாற்றம் தலைமுடியில் ஏறி, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

காலையில் அய்யனார் கோவில் ரோட்டில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ்ஸில் செண்பகத்தோப்பு கூட்டிப்போய், வனத்துறை செக்போஸ்ட் வரை ஓடவிட்டுத் திரும்பவும் ஓடிவரச் சொல்வார். அவர் ஓடமாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வடை எண்ணெயில் பொரிகிற வாசனைக்கு நடுவே நாங்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்போம். இரண்டு பேரும் எடையைக் கூடவிடக் கூடாது.

தலைக்கனம் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது, அதனால் தலைக்கனத்தோடே சொல்கிறேன். நான் அவளைவிட நல்ல குஸ்திக்காரி. அவளுக்கு இரண்டு வயது குறைவு, கை நீளம், பொறுமை உண்டு. எனக்குக் கோபம் இருந்தது. அதைவிட முக்கியமாக, கழுத்து இருந்தது. மல்லாந்து விழுந்தாலும் இரண்டு தோளும் தரையில் படாமல், தலையையும் காலையும் ஊன்றி உடம்பை வில்லாக வளைத்துத் தூக்கி நிற்கிறதைப் பாலம் போடுவது என்பார்கள். இரண்டு தோளும் ஒன்றாகத் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. படாதவரை உயிர் இருக்கிறது. அய்யா எனக்குப் பாலம் பழக்கும்போது என் வயிற்றின் மேல் தங்கையை உட்கார வைப்பார். அவள் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு ஒன்று இரண்டு என்று எண்ணுவாள். நூறு எண்ணி முடித்தும் நான் இறங்கியதில்லை. அவள் எண்ணி எண்ணிச் சலித்து இறங்கிப் போய்விடுவாள்.

இனி மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டினார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் மூத்த பெண் தாய்மாமனுக்குத்தான். நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்துவிட்டார்கள். நான் மட்டும் கேள்விப்படாதது போல ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது ஆனதும் அம்மா தேதி பார்க்க ஆரம்பித்தாள். அதே வருடம்தான் மாநிலப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பந்திப் பலகைகளை அடுக்கி ஓரம் கட்டிவிட்டு, நடுவில் மேட் விரித்தார்கள். மூன்று மாதம் கழித்து என் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. நான் விழுந்த இடத்தில் பாயசம் ஊற்றினார்கள்.

நானும் அவளும் ஒரே எடைப் பிரிவு. ஒருத்தியை மேல் எடையில் இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேல் எடையில் வெளிமாவட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், அவளை யாரும் அசைக்க முடியாது. அய்யா அதையெல்லாம் யோசித்துவிட்டார். குலுக்கலில் நாங்கள் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தோம். கெட்டியான பெண்கள் எல்லாம் என் பக்கம். ஒவ்வொருத்தியாக நான் முடித்து வைத்தேன். அரையிறுதியில் மதுரைப் பெண்ணைப் புரட்டிப் போட்டபோது அய்யா எழுந்து நின்று கைதட்டினார். அவர் எனக்குக் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். களை பறிக்க ஒருத்தி, அறுவடைக்கு ஒருத்தி.

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மறுநாள் இறுதிப் போட்டி எங்கள் இருவருக்கும்.

"ஏட்டி, நீ நாளைக்கு விழுந்துரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தங்கம் இருந்தாத்தான் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட முடியும். நீ கல்யாணம் கட்டி ஆலங்குளம் போறவ. ஒனக்கு மெடல் எதுக்கு, அடுப்பூதவா? ஒரு வீட்டுக்கு ஒரு யூனிபாரம் போதும்."

"நான் வேலைக்குப் போறேன்யா. கல்யாணம் பொறவு பாப்போம்."

"ஒங்க மாமன் எம்புட்டு வருசமாக் காத்துக் கெடக்கான்?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள் அம்மா. "எம் பெறந்த வீட்டு வாசல்ல நான் மிதிக்க வேண்டாமா?"

அதற்குப் பிறகு அய்யா மறுநாள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார். முதல் ரவுண்டை நீ எடு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. இரண்டாவது ரவுண்டில் அவள் கையில் காலைக் கொடு. உடனே படுத்துவிடாதே, செத்த நேரம் பாலம் போட்டுவிட்டுப் பிறகு இறங்கு. பஞ்சு மூட்டை எங்கே அடுக்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னார். தங்கை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

மறுநாள் மேட்டின் ஒரு மூலையில், தங்கைக்குப் பின்னால், அய்யா உட்கார்ந்தார். என் மூலையில் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. பிறகு யாரோ அதில் தண்ணீர்க் கேனை வைத்தார்கள். அந்தக் கேனைப் பார்த்ததும் முடிவு செய்தேன். விழமாட்டேன். இவர்கள் அம்புட்டுப் பேருக்கும் முன்னால் ஜெயிப்பேன். பிறகு கல்யாணமோ கருமாதியோ, பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ரவுண்டை எடுத்தேன். அய்யா தலையாட்டினார், சொன்னபடி செய்கிறாள் என்று. இரண்டாவது ரவுண்டிலும் நான்தான் முன்னால் போனேன். தலையோடு தலை முட்டி, கழுத்தைக் கோத்து நின்றோம். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"எப்பக்கா?" என்று கேட்டாள்.

எப்போது விழுவாய் என்று கேட்கிறாள். கடையில் வரிசையில் நிற்கிறவள் கேட்கிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் காலுக்குப் பாய்ந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆத்திரத்தில் போனதால் தலை தாழ்ந்துவிட்டது. அவள் இரண்டு காலையும் பின்னால் எறிந்து என் முதுகில் விழுந்தாள், சுற்றிப் பின்னால் வந்தாள், என் கைக்குள் கையைக் கொடுத்துப் புரட்டினாள். எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது. நான் மல்லாந்தேன். பாலம் போட்டேன்.

நூறு எண்ணும்வரை நின்ற பாலம். மண்டபத்துக் கூரையில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய காகிதத் தோரணம் ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. அவள் விடவில்லை. கால்விரலை ஊன்றி, நெஞ்சை வைத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். இடது தோள் பட்டது. பிறகு வலது. நடுவர் மேட்டில் ஓங்கித் தட்டினார்.

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஆண்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு மீசை இல்லை. ஆனாலும் மண் ஒட்டவில்லை, யாரும் ஒட்டவிடவில்லை. நான் எழுந்ததும் அய்யா மேட்டின் ஓரத்துக்கு வந்து என் தலையில் கை வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் கை என் தலையில் பட்டது கிடையாது, குட்டுவதற்குத் தவிர. "நீதாண்டி எம் புள்ள" என்றார். அம்மா அழுதாள். தங்கை என் காலைத் தொட்டாள்.

அந்த நிமிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, ஜெயிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை என்றா? அடங்காதவள் என்ற பெயரும் தோற்றவள் என்ற பெயரும் ஒரே நாளில் வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தியாகி. நான் வாயை மூடிக்கொண்டேன். உடைந்த பல்லை நாக்கால் துழாவிக்கொண்டு, முதல் முறையாக அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

அய்யா நல்ல குஸ்திக்காரர். வேண்டுமென்று விழுகிறவளின் உடம்புக்கும் விழ மாட்டேன் என்கிற உடம்புக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான் தலையில் கை வைத்தாரோ என்னவோ. கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை, மூன்று வருடம் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார்.

தங்கைக்கு வேலை கிடைத்தது. முதல் லீவில் யூனிபார்மோடு ஆலங்குளத்துக்கு வந்து, அந்தத் தங்க மெடலை எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். "இது இருக்க வேண்டிய எடம் இதுதான்" என்றாள். நான் தடுக்கவில்லை. குவாரித் தூசி அதன்மேல் படியும், வாரத்துக்கு ஒருமுறை முந்தானையால் துடைப்பேன். அக்கம்பக்கத்தார் வந்தால் கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்லக் கதையும் நன்றாகத்தான் வந்தது.

சொல்வதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை வைத்து நான் அவளிடம் வேலை வாங்கினேன். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது தங்கைக்குத் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்திருந்தது. ஒன்றரை மாத முகாம். அம்மாவை நான் பார்த்திருக்கலாம். எனக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு, உண்மைதான். ஆனால் அதைச் சொல்லவில்லை நான். "எம் பங்க நான் அன்னைக்கே குடுத்துட்டேன்ட்டி" என்று போனில் சொன்னேன். அவள் முகாமை விட்டுவிட்டு ராஜபாளையம் வந்து, அம்மாவுக்கு மலம் அள்ளினாள். நான் ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அறிந்தவர் மாமா ஒருத்தர்தான். எதற்கோ சண்டை வந்து, "ஒமக்காகத்தான நான் அம்புட்டையும் விட்டுக்குடுத்தேன்" என்று நான் கத்தினேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நீ விட்டுக்குடுக்கலட்டி. நான் முன் வரிசையில இருந்தேன். ஒன் கழுத்து நரம்பு சுண்டுவெரல் தண்டிக்குப் பொடச்சிருந்துச்சு. விடுறவளுக்கு எதுக்கு நரம்பு பொடைக்கி?" பிறகு கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்தது, நன்றி வரவில்லை.

போன மாதம் தங்கைக்குக் கடைசித் தேசியப் போட்டி. வெள்ளி இரண்டு இருக்கிறது, தங்கம் இல்லை. அந்த இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிராளியை மல்லாத்திய பிறகுதான் தோற்றாள். என்ன ஆகிறது இவளுக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், நான் மொட்டை மாடியில் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லு."

"ஒருத்திய மல்லாத்திட்டு அமுக்குதேன்னு வையி. கீழ கெடக்கவ முகம் ஒம் முகமாத் தெரியுது. இவளும் நமக்கு விட்டுத் தாராளோன்னு ஒரு நெனப்பு. அம்புட்டுதான், கை தளந்துருது. நான் நெசமாவே ஒருத்தியையாவது ஜெயிச்சிருக்கனாக்கா?"

வத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வார்த்தை. என்னை ஜெயிச்சட்டி என்று சொன்னால் போதும். அதைச் சொன்னால் சுவரில் ஆணி காலியாகிவிடும், அம்மாவின் பீத்துணி என் முகத்தில் வந்து விழும், பதினைந்து வருடத்துச் சிரிப்பை எங்கே கொண்டு வைப்பது?

"கண்டதையும் நெனைக்காமத் தூங்குட்டி, ஜெயிச்சிருவ" என்றேன்.

மறுநாள் போனில் நேரலை பார்த்தோம். இறுதிப் போட்டி. முன்னால் இருந்தாள். எதிராளியைப் புரட்டி மேலே ஏறினாள். படம் கொஞ்சம் நின்று சுற்றியது. மறுபடி வந்தபோது கீழே கிடந்தது என் தங்கை. மூன்றாவது வெள்ளி. அன்றோடு நிறுத்திவிட்டாள்.

பாராட்டு விழா முடிந்து அவள் எங்களோடு ஆலங்குளம் வந்தாள். பாலும் சீனியும் தூக்கலாக ஒரு டம்ளர் காப்பி கேட்டாள். எடை பார்க்க வேண்டியதில்லை இனி. கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். சால்வை இன்னும் மடியில் கிடந்தது.

"ஏட்டி, அது ஒன் தங்கம். நான் விடல. ஜெயிக்கத்தான் பாத்தேன். நீதான் என்னத் தோக்கடிச்ச."

சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலிருந்து எடுத்து வெளியே வைத்தாயிற்று. திட்டுவாள், அழுவாள், மெடலைப் பிடுங்கிக்கொண்டு போவாள் என்று காத்திருந்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள்.

"நான் தோத்துட்டு வந்து நிக்கேன்னு ஆறுதலுக்குச் சொல்லுத."

"சத்தியமாட்டி."

"ஒன் வயித்துல ஏறி ஒக்காந்து எண்ணினவ நான். நூறு எண்ணியும் எறங்காத பாலம் அன்னைக்கு எனக்காக மட்டும் எறங்குமா? முதல் ரவுண்ட எடுன்னாவ, எடுத்த. பாலம் போட்டுட்டு எறங்குன்னாவ, எறங்குன. அய்யா சொன்னதுல ஒண்ணுகூட மாறலயேக்கா."

வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தேன். "நீராவது சொல்லும். நரம்பு பொடச்சிருந்துச்சுன்னு சொன்னீர்லா."

மாமா என்னைப் பார்த்தார், சுவரில் மெடலைப் பார்த்தார். "குஸ்தியப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நாற்காலிகளைத் தள்ளினேன். கூடத்தில் பாயை விரித்து, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றேன். "வா. இப்பப் புடி. அப்பத் தெரியும் யார் யார ஜெயிச்சான்னு." அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். என் முழங்கால் இரண்டும் போன வருடமே போய்விட்டன. ஒரு நொடியில் என்னை மடக்கிப் போடுவாள், அப்போதாவது நம்புவாள் என்று நினைத்தேன். காலுக்குப் பாய்ந்தேன். தொடை கல்லாக இருந்தது, அசையவில்லை. பிறகு அந்தக் கல் தானாக இளகியது.

மெதுவாகச் சாய்ந்து, என்னையும் அடிபடாமல் பிடித்து இறக்கி, பாயில் மல்லாந்து படுத்தாள். இரண்டு தோளும் பாயில் பட்டன. நடுவர் தட்டுகிற மாதிரி அவளே தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சுக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது, முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது. வாசலில் மாமா கைதட்டினார்.

நான் அவள் மேல் கிடந்தபடி அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை.